டம்ளர் தண்ணீர் அசையவில்லை

முதல் தடவை வந்தபோது அதைக் கடல் என்றே நினைத்தேன்.

கடல் ஊருக்குள் வந்து போய் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. 2005இன் தொடக்கம். எங்கள் செம்மண்டலத்துக்கும் அலைக்கும் நடுவில் பாதி கடலூர் கிடக்கிறது. ஒரு சொட்டு உப்புத் தண்ணீர்கூட எங்கள் தெருவை எட்டவில்லை. பயம் மட்டும் எட்டியிருந்தது. அதற்குத் தூரம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, கறிச்சோறு தின்றுவிட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தேன். கண் செருகியது. தூக்கத்தின் வாசற்படியில் ஒரு காலை வைத்திருப்பேன், குதிகாலில் என்னவோ தொடங்கியது. ஏறியது. முதுகுத்தண்டு வழியாக வந்து மார்புக்கூட்டுக்குள் நின்று அதிர்ந்தது. சத்தத்தை அணைத்துவிட்டு மேசைமேல் வைத்த செல்போன் அதிருமே, அப்படி. ஆனால் இங்கே மேசையும் நான், போனும் நான், அழைத்தவன் யாரென்று மட்டும் தெரியவில்லை.

எழுந்தேன், மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

"பூகம்பம்!"

அவள் முற்றத்தில் இருந்த தண்ணீர் டிரம்மைப் பார்த்தாள். கண்ணாடிபோல் கிடந்தது. கொடிக்கயிற்றைப் பார்த்தாள். என் லுங்கியும் அவள் பாவாடையும் அசையாமல் தொங்கின. பிறகு என்னைப் பார்த்தாள்.

"எது ஆடுது?"

"உள்ள."

"வூட்டுக்குள்ளயா?"

"எனக்குள்ள."

அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் கேலி இல்லை. அது எதிர்வீட்டு ஜன்னலுக்குப் போய், அங்கிருந்து தெருக்கோடி மளிகைக் கடைக்குப் போய், திங்கட்கிழமை காலை பால்காரர் வாயில் எனக்கே திரும்பி வந்தபோதுதான் கேலியாக மாறியிருந்தது. "இன்னா சார், உங்க வூட்ல மட்டும் பூகம்பமாமே?"

அடுத்த வாரமும் வந்தது. அதற்கடுத்தும். கண் மூடும்போது, அல்லது விடிந்து கண் திறப்பதற்குச் சற்று முன்பு. வலி இல்லை. கை நடுங்கவில்லை, கையை நீட்டிப் பார்த்தால் கல்லில் செதுக்கியதுபோல் நின்றது. உள்ளே மட்டும், நடத்துநர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஓட்டுநர் அணைக்காமல் விட்ட பஸ்ஸைப்போல, போகவும் போகாமல் நிற்கவும் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது உடம்பு. நான் நிரூபிக்க முடிவு செய்தேன். ஓர் எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மார்பின் மேல் வைத்துக்கொண்டு படுத்தேன். மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே காவல் இருந்தாள். வந்தது. முழு வேகத்தில் வந்தது.

"பாரு, பாரு!"

அவள் குனிந்து பார்த்தாள். "தண்ணி அசையலீங்க."

அவ்வளவுதான் என் வழக்கின் தீர்ப்பு. தண்ணீர் அசையவில்லை. மருந்து கேட்கவில்லை நான், இரக்கம் கேட்கவில்லை. 'ஆமாம், அது உண்டு' என்று ஒரு மனிதர், ஒரே ஒரு மனிதர், சொன்னால் போதும் என்று இருந்தது. அதைச் சொல்ல இந்த மாவட்டத்தில் ஓர் ஆள் இல்லை. காரணம் சொல்ல மட்டும் திரும்பிய பக்கமெல்லாம் ஆள் இருந்தது.

காரணம் சொல்கிறவர்களை நான் அந்த வருடங்களில் வெறுக்கக் கற்றுக்கொண்டேன். ஒழுங்காக, பாடம்போலக் கற்றுக்கொண்டேன். மஞ்சக்குப்பம் டாக்டர் என் நாக்கைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து, "டென்ஷனா சார்?" என்றார். டென்ஷன் இல்லை என்றேன். "அதான் டென்ஷன், உங்களுக்கே தெரியாது" என்றார். இந்தத் தர்க்கத்தை எதிர்த்து உலகத்தில் யாரும் ஜெயித்ததில்லை. நான் சிதம்பரத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். கடலூரிலிருந்து தினமும் பஸ். அச்சக முதலாளி, "பஸ் ஆட்டம்பா அது" என்றார். பஸ் நடத்துநர், "ஆப்செட் மெஷின் ஆட்டமா இருக்கும் சார்" என்றார். ஆளுக்கு ஆள் அடுத்தவன் தலையில் கட்டினார்கள். நாட்டு வைத்தியர் வாயு என்றார், வாங்கிய காசுக்கு ஓர் ஏப்பம்கூட வரவில்லை.

மனைவியின் அண்ணன் கம்மாபுரத்துக்காரர். பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்து வெடிச் சத்தம் கேட்டு வளர்ந்த உடம்பு. அவர் சொன்னதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது.

"மாப்ள, எங்கூர்ல வெடி வெச்சா செவுத்துல மாட்டுன சாமி படமே ஆடும். நாங்க இன்னா, கவிதையா எழுதிக்கினு கெடக்குறோம்?"

ஆம், நான் கவிதை எழுதுகிறவனும்கூட. உரைநடைக்கும் கவிதைக்கும் நடுவில் வரப்பில் நடக்கிற ஆள். இந்த அதிர்வை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல், குதிகாலிலிருந்து தொடங்கி எழுதி ஒரு சிற்றிதழுக்கு அனுப்பினேன். அவர்களாவது சொற்களைப் படிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஆசிரியரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது: நடுக்கம் என்ற படிமம் நன்று, சமகால மனிதனின் பதற்றத்தைக் குறியீடாக்கியிருக்கிறீர்கள். அந்த அட்டையை வைத்து அன்று மாலை விசிறிக்கொண்டேன். மின்சாரம் போயிருந்தது. காலில் முள் குத்தியது என்று எழுதினாலும் இவர்களுக்கு முள் ஒரு குறியீடு, கால் ஒரு குறியீடு; ரத்தம் மட்டும் எழுத்துப்பிழை.

பிறகு வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வருடம் மூடியிருந்தேன். வரும்போது பேசாமல் கிடப்பேன், மழைக்கு முன் முனகும் தெருமுனை டிரான்ஸ்பார்மர்போல் என் மார்பு முனகுவதை நானே கேட்டுக்கொண்டு. ஒருவிதத்தில் அது என் சொத்து. யாருக்கும் பங்கு இல்லாத சொத்து.

2007 ஆவணியில் என் தங்கைக்கு வரன் வந்தது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபின் அவளுக்கு நான்தான் எல்லாம் என்று ஊர் சொல்லும். உண்மையில் அவள் தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் வேலை பார்த்துத் தன்னைத்தானே பார்த்துக்கொண்டாள். முப்பத்தொன்று. நான்கு வரன்கள் பஜ்ஜி தின்றுவிட்டுப் போய் அத்தோடு நின்றிருந்தன. இந்த முறை அவளே சொன்னாள்: "ண்ணா, எனக்கு இவரப் புடிச்சிருக்கு." வாயைத் திறந்து அவள் இப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை சிதம்பரத்தில் செல்போன் கடை வைத்திருந்தார். வடக்கு வீதிக்குப் பின்புறச் சந்தில் வீடு. அப்பா மாவு மில் நடத்தியவர். மில்லை விற்று நாலைந்து வருடம் ஆகிவிட்டதாம். ஆனாலும் காதோர முடியும் புருவமும் இன்னும் மாவு படிந்ததுபோலத்தான் இருந்தன. மெலிந்த, பேச்சுக் குறைந்த மனிதர். எனக்கு மாமா முறை.

உறுதி பேச வந்தார்கள். எங்கள் பக்கத்தில் பேச்சு முடிகிறவரை பையன் வீட்டார் பெண் வீட்டில் ஒரு வாய்ச் சோறு தின்னமாட்டார்கள். சம்மதமான பின்னால்தான் கை நனைப்பார்கள். நனைத்துவிட்டால் அப்புறம் பேச்சு மாறுவது கேவலம். அன்று நனைத்தார்கள். வடை பாயசத்தோடு நனைத்தார்கள். பெண்கள் உள்ளறையில் புடவை பேசினார்கள். ஆண்கள் கூடத்தில் ஜமக்காளத்தில் சரிந்தார்கள். மாமா மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார்.

"கொஞ்சம் சாஞ்சுக்கங்க மாமா."

"பகல்ல படுக்கமாட்டேன் தம்பி. எனக்கு ஒத்துக்காது."

நான் படுத்தேன். காலையிலிருந்து வாழையிலைக்கும் தண்ணீர் கேனுக்கும் ஓடிய அலுப்பு. கண் செருகியது. சரியாக அந்த வாசற்படியில், இரண்டு வருடமாக நாக்குக்குள் பூட்டி வைத்திருந்த சொல், காவல்காரன் தூங்கிய நேரம் பார்த்து வெளியே வந்துவிட்டது.

"ஆடுது!"

பதினோரு பேர் எழுந்தார்கள். அப்புறம் நடந்ததைச் சிரிக்காமல் எழுத வேண்டும் என்று பலமுறை முயன்றிருக்கிறேன். "சுனாமி!" என்று யாரோ கத்தினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா, நூறு கிலோவுக்குக் குறையாதவர், திறந்திருந்த கேட்டை விட்டுவிட்டுக் காம்பவுண்டு சுவரை ஏறிக் குதித்தார். மாப்பிள்ளையின் அத்தை தாம்பூலத் தட்டோடு ஓடினாள். ஒரு கையில் பிடித்திருந்த பிள்ளையை விட்டாள், தட்டை விடவில்லை. பக்கத்து மூன்று வீடுகளும் வாசலுக்கு வந்தன. எதுவும் ஆடவில்லை. தெருநாய் ஒன்று படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. அந்தக் கூட்டத்தில் அதற்குத்தான் புத்தி இருந்தது.

"யாரு சொன்னது ஆடுதுன்னு?"

எல்லோரும் திரும்பி உள்ளே வந்து என்னைப் பார்த்தார்கள். நான் வியர்வையோடு ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கனவு என்று போயிருக்கும். கம்மாபுரத்து மச்சான் அப்படி விடுகிற ஆளா? அவருக்கு என்மேல் பாசம். பாசம் வந்துவிட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

"நவுருங்க, நவுருங்க, காத்து வரட்டும்!"

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். தன் தங்கையின், அதாவது என் மனைவியின், இடுப்பிலிருந்த பீரோ சாவிக்கொத்தை உருவினார். என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி இறுக்கினார். வலிப்பு வந்தவன் கையில் இரும்பைத் திணித்தால் நின்றுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் படித்தவர்களும் பஸ் நிலையத்தில் கூசாமல் செய்கிற வைத்தியம். அதை அறியாத ஆள் அந்தக் கூடத்தில் ஒருவர்கூட இல்லை.

"புடி மாப்ள. கெட்டியாப் புடி. ஒண்ணுமில்ல, இப்ப நின்னுடும்."

இப்ப நின்னுடும். அந்த இரண்டு சொல்லில் என் தங்கையின் கல்யாணத்தை அவர் முடித்து வைத்தார். அத்தை தாம்பூலத் தட்டைக் கீழே வைத்தாள்.

"எத்தினி வருசமா இருக்கு?"

"அய்யோ, வலிப்பெல்லாம் இல்லீங்க" என்றாள் என் மனைவி. அதுவரை யாரும் வலிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை.

மாமா மட்டும் ஓடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். சுவரில் சாய்ந்தபடியே இருந்தார். என் கையிலிருந்த சாவிக்கொத்தை அவர் பார்க்கவில்லை. என் நெஞ்சைப் பார்த்தார்.

"எங்க தம்பி ஆடுச்சு? கீழயா, உள்ளயா?"

விசாரணை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். சாவிக்கொத்தை மனைவியிடம் நீட்டினேன்.

கை நனைத்தாயிற்று. அதனால் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. வாய் வராதபோது நம் ஆட்கள் காகிதம் கேட்பார்கள். நாலாம் நாள் மாமா போன் செய்தார். தலையில் வயர் ஒட்டிப் படம் எடுப்பார்களாமே, அதை எடுத்துப் பார்த்துவிடலாம், வீட்டில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி என்றார். குரல் தணிந்து இருந்தது. தணிந்த குரலில் கேட்கிற அவமானத்துக்குக் கனம் ஜாஸ்தி.

பாண்டிச்சேரியிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் கடலூருக்கு வந்து பார்க்கிற நரம்பு டாக்டர் ஒருவர் இருந்தார். நான் போய்ப் பார்த்தால், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு மாமா எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரத்திலிருந்து வந்திருக்கிறார். ஏமாற்றிவிடுவேன் என்று நேரில் காவலுக்கு வந்துவிட்டார் கிழவர்! என் உடம்பெல்லாம் எரிந்தது. உள்ளே கூப்பிட்டதும் அவரும் எழுந்து கூடவே வந்தார்.

டாக்டரிடம் நான் நான்கு வாக்கியம் பேசினேன். மாமா நாற்பது கேள்வி கேட்டார்.

"தூக்கம் வர்றப்ப மட்டுந்தான் வருங்களா, இல்ல முழிக்கிறப்பவுமா? வயசாக ஆக ஜாஸ்தியாவுமா? மிசினு கிட்டயே வேல பாத்தா வருமா? உசுருக்கு ஒண்ணும் ஆவாதே?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பெரியவரே, பேஷன்ட் நீங்களா, அவரா?"

மாமா பையை இறுக்கிக்கொண்டு, "சம்மந்தம் பண்ணப் போறம், அதான்" என்றார்.

சம்மந்தம்! ஒரு மனிதனின் மண்டையைத் திறந்து பார்த்துவிட்டுச் செய்கிற சம்மந்தம். தலைமுடியில் பசை தடவி, வயர்களை ஒட்டி, என்னைப் படுக்க வைத்துத் தூங்கச் சொன்னார்கள். எப்போதும் அழைக்காமல் வருகிற விருந்தாளி அன்று வரவில்லை. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. இயந்திரம் காகிதத்தில் கோடு கோடாக எழுதியது. நான் பிழை திருத்திய தாள்களிலேயே பிழையில்லாத தாள் அதுதான். வலிப்பின் அடையாளம் எதுவும் இல்லை, எல்லாம் நார்மல். தூங்கப் போகும்போது சிலருக்கு இப்படித் தோன்றும், ஏனென்று தெரியாது, உங்களுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை, டென்ஷனைக் குறையுங்கள் என்றார் டாக்டர். தெரியாது என்று சொன்ன ஒரே ஆள். கடைசி வாக்கியத்தை விட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"எனக்கு ஒரு ஜெராக்ஸ் குடுத்துடுங்க தம்பி" என்றார் மாமா, வெளியே வந்ததும்.

நான் கொடுத்தேன். கொடுத்த விதத்தில் அவருக்கு என் மனசு தெரிந்திருக்கும். வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சீட்டு வந்தபின் விஷயம் முடிந்திருக்க வேண்டும். அத்தை முடியவிடவில்லை. வலிப்பு இல்லை என்றால் அப்புறம் ஏன் ஆடுது என்றாள். குடியா? புத்தி சரியில்லையா? அண்ணனுக்கு இருந்தால் தங்கைக்கும் வராதா? மச்சான் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு கம்மாபுரத்திலிருந்து வந்தார். நான் சிதம்பரத்துக்குப் போய், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் முன்னால், அது வெறும் கனவு, எனக்கு அப்படி எதுவும் கிடையாது, எப்போதும் கிடையாது என்று என் வாயால் சொல்ல வேண்டும்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா மச்சான்?"

"யார்றா இவரு! இல்லாததத்தான் இல்லன்னு சொல்லச் சொல்றேன் மாப்ள. தண்ணியே அசையலன்னு என் தங்கச்சி சொல்லிச்சே!"

தங்கை அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். "நீயாவது நம்புறியா?" என்று கேட்டேன்.

"நான் நம்புறனா இல்லியாங்கிறதா இப்ப முக்கியம்? இருந்தா இருக்கட்டும்ணா. இல்லன்னு சொல்லிடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சொன்னேன். வடக்கு வீதிச் சந்தில், அவர்கள் கூடத்தில், ஃபேனுக்கு அடியில் வட்டமாக உட்கார்ந்திருந்த ஏழு பேர் முன்னால் சொன்னேன். "கனவு கண்டேன். வேற ஒண்ணும் கிடையாது." என்னிடம் இருந்த ஒரே உண்மையான பொருளை எடுத்துக் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டதுபோல் இருந்தது. அத்தையின் முகம் தெளிந்தது. சித்தப்பா, "அதானே பாத்தேன்" என்றார், சுவர் தாண்டிய வீரர். மாமா மட்டும் விடவில்லை.

"நெஜமாவே ஒண்ணும் இல்லியா தம்பி?"

"இல்ல மாமா."

"எப்பவுமே?"

"எப்பவுமே."

அவர் முகம் விழுந்தது. கண்ணெதிரே, காற்றுப் போன டியூப்போல விழுந்தது. சம்மந்தத்தைத் தட்டிக் கழிக்கக் கிடைத்த கடைசிக் காரணமும் போய்விட்டதே என்ற ஏமாற்றம் என்று நான் அதைப் படித்தேன். பிழை திருத்துவது என் தொழில்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. நன்றாகவே நடந்தது, தங்கை மணையில் சிரித்தாள். அடுத்த ஆடிக்கு அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவர சீர்த்தட்டோடு போனேன். சாப்பிட்ட பிறகு, "மில்லுல காத்து வரும், அங்க போயி உக்காருவம்" என்று மாமா என்னை வீட்டின் பக்கவாட்டில் இருந்த தகரக்கூரைக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனார். மில் இருந்த இடம். தரையில் மோட்டாரைப் பொருத்திய இடத்தில் நாலு போல்ட் துருப்பிடித்து நின்றது. சுவரில் ஆள் உயரத்துக்கு வெள்ளைப் படிவம். ஒரு கயிற்றுக் கட்டில். என்னைக் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

"தம்பி, ஒண்ணு கேப்பேன். சிரிக்கக் கூடாது."

தலையாட்டினேன்.

"கண்ண மூடுனா எனக்கு உள்ள மில்லு ஓடுது. முப்பது வருசமா ஓடுது. மிசினு ஆட்டந்தான் ஒடம்புல ஊறிப்போச்சுன்னு நெனச்சேன். வித்துட்டாப் போயிடும்னு வித்தேன். வூட்ல வயசாயிடுச்சின்னு சொன்னேன். மோட்டாரக் கழட்டிக்கினு போயிட்டான். சத்தம் நின்னுச்சி. இது நிக்கல." போல்ட்டுகளைப் பார்த்தபடியே பேசினார். "அன்னிக்கி உங்க வூட்ல நீங்க ஆடுதுன்னீங்களே... அது இதானா?"

கீழயா, உள்ளயா. மஞ்சள் பை. நாற்பது கேள்வி. எல்லாம் வரிசையாக என் முன்னால் வந்து நின்றன. நான் எதிர்பார்த்திருந்த அந்த ஒரே மனிதர், மூன்று வருடமாகக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே தேடிய மனிதர், கதவைச் சாத்திவிட்டு என் எதிரே நின்றார். நான் என்ன செய்தேன்? எனக்கு அவர் வீட்டுக் கூடம் ஞாபகம் வந்தது. அந்த ஏழு பேர் ஞாபகம் வந்தார்கள். அன்று இவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்க வேண்டாம். பேசாமல் இருந்தாரே.

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்லியே மாமா" என்றேன். "கனவுன்னு உங்க கூடத்துலதான சொன்னேன். நார்மல்னு சீட்டு உங்ககிட்டயே இருக்கே."

அவர் கை தன்னால் சட்டைப்பைக்குப் போனது. அங்கே இருந்தது அது, மடிப்பில் கிழிந்து, பத்து மாதத்துக்குப் பிறகும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "டென்ஷனா இருக்கும் மாமா" என்றேன்.

"இருக்கும்" என்றார். சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தபடி இன்னொரு முறை, "இருக்கும் இருக்கும்" என்றார். கதவைத் திறந்துவிட்டார்.

அந்த வெற்றி எனக்கு பு.முட்லூர் வரைக்கும் இனித்தது. பஸ் பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற ரோட்டைத் தாண்டும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை கேட்டாள்: "மாமா உங்கிட்ட இன்னா பேசுனாரு? கல்யாணத்துலேந்து ஒங்கண்ணனத் தனியா ஒரு நாளு பாக்கணும், பாக்கணும்னு சொல்லிக்கினே இருந்தாரு."

"சும்மா பேசினோம்" என்றேன்.

ஆலப்பாக்கம் வந்தது. ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக் கண் மூடினேன். குதிகாலில் தொடங்கியது. பஸ் ஆட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலு வருடம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும், தங்கையின் பிள்ளைக்கு மொட்டை அடித்தபோதும் நாங்கள் பார்த்துக்கொண்டோம். அவர் எனக்கு நாற்காலி போடச் சொல்வார், சாப்பிட்டீங்களா தம்பி என்பார். அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மஞ்சக்குப்பம் டாக்டரையும் அஞ்சலட்டை ஆசிரியரையும் மச்சானையும் ஒரே தராசில் போட்டு நிறுத்து எகத்தாளம் செய்த ஆள் நான். அந்த நாலு வருடமும் தராசின் மறுதட்டில் யார் உட்கார்ந்திருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் அறியாமல் சொன்னார்கள். நான் அறிந்து சொன்னேன்.

2012 பங்குனிக் கடைசி. மதியச் சோற்றுக்குப் பிறகு அச்சகத்து மாடியில், காகிதக் கட்டுகளின் மேல் சாய்ந்திருந்தேன். மின்வெட்டு, மெஷின் ஓடவில்லை. கண் செருகும் நேரம் வந்தது. வழக்கத்தைவிடப் பெரிதாக, தாலாட்டுவதுபோல வந்தது. வா என்று பேசாமல் கிடந்தேன். எதேச்சையாகக் கண்ணைத் திறந்தபோது மேசைமேல் குடிக்க வைத்திருந்த டம்ளர் தெரிந்தது.

தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை.

கீழே கூச்சல். முதலாளி வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "எறங்கி வாய்யா, பூகம்பம்!" என்று கத்தினார். தெருவெல்லாம் கால்கள் ஓடின. நான் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழு வருடம் கழித்து, அசைந்தது. நின்றது. போன் அடித்தது.

"தம்பி..." மாமாவின் குரல். மூச்சு வாங்கியது. "இப்ப ஆடுச்சே... இது எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தான் மாமா. நெஜமாவே பூமி. தண்ணி அசஞ்சுச்சு."

"அப்பிடியா."

"வெளிய வந்துட்டீங்களா?"

"இல்ல தம்பி. மில்லுல படுத்திருந்தேன். எல்லாம் ஓடுச்சுங்க. நான் என்னுதுன்னு நெனச்சி படுத்துட்டேன்."

கீழேயிருந்து முதலாளி மறுபடி கத்தினார். நான் எழுந்திருக்கவில்லை.

"நானும் என்னுதுன்னு நெனச்சிதான் படுத்துக் கெடந்தேன் மாமா."

போனில் எங்கேயோ ஒரு கதவு, ஒரு பிள்ளையின் அழுகை, தங்கை யாரையோ அதட்டும் சத்தம். துண்டித்துவிடுவார் என்றே நினைத்தேன். துண்டிக்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"உங்களுக்கு எங்கேந்து ஆரம்பிக்கும்?" என்றார்.

"குதிகால்லேந்து மாமா."

"எனக்குத் தாடையிலேந்து தம்பி. பல்லு மொதல்ல சொல்லிடும்." யாரோ அவரை வெளியே வரச் சொல்லி இரைந்தார்கள். குரல் அந்தச் சித்தப்பாவுடையதுபோல் இருந்தது. மாமா போனைக் காதிலிருந்து விலக்காமலே பதிலுக்கு இரைந்தார்: "இர்றா டேய், பேசிக்கினு இருக்கன்ல!"